முதல் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்: வால்தரா, ஃபைன்வெர்க்பாவா, அல்லது வேறு ஏதாவதா?

மூன்று மாதமாகக் கிளப் துப்பாக்கியில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகி வருவதாகவும், கையில் இரண்டு லட்ச ரூபாய் இருப்பதாகவும், வால்தர், ஃபைன்வெர்க்பாவ் ஆகிய இரண்டு ஜெர்மன் நிறுவனத் துப்பாக்கிகளில் எதை வாங்குவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே டெலஸ்கோப் வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில், சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வென்ற மாதத்தில் கோயம்புத்தூரில் ஒரு ரைஃபிள் கிளப்பில் பெயர் கொடுத்தவன் நான். சொல்லிக்கொள்ளும்படியான பதக்கம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் தேவையில்லாத சாமான்களை வாங்கிக் குவித்த அனுபவம் போதுமான அளவு இருக்கிறது. அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு லட்சத்தையும் துப்பாக்கியில் போட வேண்டாம். சுடும்போது அணிவதற்கென அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட்டையும் காலணியையும் முதலில் வாங்கிக்கொண்டு, இன்னும் நான்கைந்து மாதம் கிளப் துப்பாக்கியிலேயே சுட்டுவிட்டு, மீதிப் பணத்தில் உங்கள் உடம்புக்கு ஏற்றபடி எல்லாப் பக்கமும் நகர்த்தி அமைக்கக்கூடிய கட்டை (தோளிலும் கன்னத்திலும் படுகிற, கையால் தாங்குகிற பகுதி) உள்ள ஒரு பழைய துப்பாக்கியை வாங்குங்கள். அதன் மேல் வால்தர் என்று எழுதியிருக்கிறதா, ஃபைன்வெர்க்பாவ் என்று எழுதியிருக்கிறதா, அன்ஷூட்ஸ் அல்லது ஸ்டெயர் என்று எழுதியிருக்கிறதா என்பது இந்தக் கட்டத்தில் உங்கள் மதிப்பெண்ணை மாற்றப்போவதில்லை.

இப்படிச் சொல்வதற்குக் காரணம், இந்த விளையாட்டின் குறிவட்டத்திலேயே இருக்கிறது. நாம் சுடும் அட்டையில் பத்து என்பது வெறும் 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி. பெல்லட்டின், அதாவது நாம் சுடும் சிறு ஈயக் குண்டின், விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும் என்பதால், நடு மையத்திலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 மி.மீ.க்கும் ஒரு புள்ளி குறையும். தசமக் கணக்கில் பார்த்தால், ஒவ்வொரு 0.1 புள்ளியும் கால் மில்லிமீட்டர். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கத்தை உறுதி செய்த கடைசிக் குண்டு 10.8, அதாவது மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் விழுந்தது. போட்டிக்கென்றே செய்யப்பட்ட, பராமரிப்பில் குறையில்லாத ஒரு மேட்ச் ரைஃபிள், அது பத்தாண்டு பழையதாக இருந்தாலும், தனக்கு ஒத்துவரும் பெல்லட்டைப் போட்டு அசையாத பிடிப்பானில் பொருத்திச் சுட்டால் பத்துக்குள்ளேயே குண்டுகளை அடுக்கிவிடும். நீங்களும் நானும் எட்டு, ஒன்பது என்று சிதறுவதற்குக் காரணம் நம் இடுப்பும் தோளும் கழுத்தும் விரலும்தான். ஆகவே, அந்த உடம்பை ஒரே இடத்தில் நிறுத்த உதவுகிற பொருளுக்கே முதல் செலவு.

டெலஸ்கோப் வேண்டவே வேண்டாம். பன்னாட்டு விதிகளின்படி நடக்கும் பத்து மீட்டர் போட்டியில் அதற்கு அனுமதி இல்லை. நமக்கு உள்ளது பீப் சைட். பின்பக்கம் ஒரு சிறு துளை, முன்பக்கம் குழாய்க்குள் ஒரு வளையம், வளையத்தின் நடுவே இலக்கு அட்டையின் கறுப்பு வட்டம். இதில் தொடக்கநிலையாளர்கள் செய்யும் தவறு, முன்வளையத்தைச் சிறிதாக வைத்தால் துல்லியம் கூடும் என்று நினைப்பது. வளையம் இறுக்கமாக இருந்தால் கறுப்பு வட்டம் அதன் விளிம்பில் இடித்துக்கொண்டே இருப்பதுபோல் தோன்றும், கண் பதறும், விரல் அவசரப்படும். கறுப்பைச் சுற்றி நன்றாக வெள்ளை தெரிகிற அளவுக்கு வளையத்தைப் பெரிதாக வையுங்கள். மறு கண்ணை மூடிச் சுடும் பழக்கம் இருந்தால், இப்போதே விட்டுவிட்டு, அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மறைப்பை வைத்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாய்க்குக் குறைவாகவே நீங்களே வெட்டிச் செய்துகொள்ளலாம்.

உரிமம் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ.க்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. மேட்ச் ரைஃபிளில் 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் புறப்படும். கணக்குப் போட்டால் எட்டு ஜூலுக்கும் கீழே வரும். 'அதிக வேகம்' என்று விளம்பரப்படுத்தப்படும் துப்பாக்கிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து மீட்டரில் அந்த வேகம் உங்களுக்கு எதையும் தராது.

கட்டைக்கு வருகிறேன், ஏனெனில் நான் ஏமாந்தது இதில்தான். என் முதல் துப்பாக்கியை வேறு ஊரிலுள்ள ஒரு விற்பனையாளரிடம் புகைப்படத்தை மட்டும் பார்த்து வாங்கினேன். வழுவழுப்பான மரக் கட்டை, கண்ணைப் பறிக்கும் அழகு. நான் ஐந்தடி நான்கு அங்குலம். அந்தக் கட்டையோ என்னைவிட அரை அடி உயரமான ஒருவருக்கு ஏற்றது. தோளில் பதியும் தகடான பட் பிளேட்டை எவ்வளவு உள்ளே தள்ளினாலும், விசையைத் தொட விரலை நீட்ட வேண்டியிருந்தது; கன்னத்தாங்கி அசையவே அசையாது என்பதால், துளையைப் பார்க்கத் தலையைச் சாய்த்துக் கழுத்தை முன்னால் நீட்டினேன். எட்டு மாதம் அப்படியே சுட்டதில், மதிப்பெண் ஏறாதது ஒரு பக்கம் இருக்க, கழுத்தை அப்படி வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதை விடுவிக்கப் பயிற்சியாளர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆகவே, வாங்குவதற்கு முன் துப்பாக்கியைக் கையில் எடுத்து, ஜாக்கெட் அணிந்த நிலையில், இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். நின்றபடி நிலைக்கு வந்து, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை வசதியாகக் கட்டையில் வையுங்கள். இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறந்தால், தலையை அசைக்காமலேயே பின் துளையின் நடுவில் முன்வளையம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், கன்னத்தாங்கியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்த முடிகிறதா, பட் பிளேட் ஏறி இறங்குகிறதா, கட்டையின் நீளம் கூட்டிக் குறைக்க வருகிறதா, இடது கையில் தாங்கும் பகுதியின் உயரத்தை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். தலை நேராக நிற்கும்படி துப்பாக்கிதான் மேலே வர வேண்டும். தலை கீழே இறங்கக் கூடாது. அலுமினியக் கட்டை உள்ளவற்றில் இவை எல்லாமே நகரும். பார்வைக்கு ஏதோ தையல் இயந்திரத்தின் பாகம்போல இருக்கும், பழகிவிடும்.

எடையிலும் அவசரம் கூடாது. விதி அனுமதிக்கும் உச்சம் 5.5 கிலோ. கனமான துப்பாக்கி குறைவாக ஆடும் என்பது உண்மையே. ஆனால் அறுபது குண்டுகளை 75 நிமிடத்துக்குள் சுடும் போட்டியில், ஒவ்வொரு குண்டுக்கும் அதைத் தூக்கி இறக்க வேண்டும். நாற்பதாவது குண்டில் கை நடுங்குகிறவருக்கு அந்தக் கனம் எதிரியாகிவிடும். எடைக்கட்டிகளை எல்லாம் கழற்றிவிட்டு இலகுவாகத் தொடங்கி, மாதங்கள் போகப் போக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்காக இதைப் படிக்கும் பெற்றோர் யாராவது இருந்தால், பெரியவர்களுக்கான துப்பாக்கியை 'வளர்ந்தபின் சரியாகிவிடும்' என்று வாங்கித் தராதீர்கள். அது பள்ளிச் சீருடை அல்ல. இளையோருக்கென்றே குட்டைக் கட்டையும் குறைந்த எடையும் கொண்டவை கிடைக்கின்றன.

ஸ்பிரிங் வகையை வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள், ஏனெனில் விலை பல மடங்கு குறைவு. மாநில அளவில் ஓபன் சைட் (பீப் சைட் இல்லாத சாதாரணக் குறிபார்ப்பான்) பிரிவில் மட்டும் கலந்துகொள்வதானால் அது போதும். மற்றபடி, விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் பாய்வதால், பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி முழுதும் உதறிக்கொள்ளும். உங்கள் தவறா, துப்பாக்கியின் உதறலா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் இந்தக் குழப்பம் வேண்டியதில்லை. அடைத்த காற்றில் இயங்கும் வகையில் அந்த உதறல் அநேகமாக இல்லை.

அடைத்த காற்று என்றதும் சிலிண்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் குழலுக்குள் எட்டிப் பார்ப்பார்கள், விசையை இழுத்துப் பார்ப்பார்கள், சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்க மறந்துவிடுவார்கள். 200 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் பாத்திரம் அது. அதற்கு உற்பத்தியாளர் விதித்த காலவரம்பு உண்டு, பெரும்பாலும் பத்தாண்டு. காலம் முடியாத சிலிண்டரை வைத்திருப்பது போட்டியாளரின் பொறுப்பு என்று விதியே சொல்கிறது. காலாவதியான சிலிண்டரோடு வரும் துப்பாக்கியை வாங்குவதானால், புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். அடுத்து, முழுதாக நிரப்பி ஒரு நாள் இரவு வைத்திருந்து, மறுநாள் அழுத்தமானியின் முள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் பெரும்பாலும் உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது என்று பொருள், அது பெரிய செலவில்லை. கைப்பம்பில் காற்றடிப்பதானால் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் அடிக்காதீர்கள், முக்கியமாகச் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில். என்னைக் கேட்டால், கிளப்பில் உள்ள பெரிய காற்று உருளையிலிருந்து நிரப்பிக்கொள்வதே நல்லது.

ஜாக்கெட்டை ஏன் முதலில் வாங்கச் சொல்கிறேன் என்பதற்கு இரண்டு காரணம். கிளப் ஜாக்கெட் பத்துப் பேர் உடம்புக்கு இழுபட்டுத் தொய்ந்திருக்கும்; அது உங்கள் முதுகைத் தாங்காது. இரண்டாவது, ஜாக்கெட்டின் தடிப்பு மாறினால் உங்களுக்குத் தேவைப்படும் கட்டையின் நீளம் மாறும், ஆகவே ஜாக்கெட் இல்லாமல் கட்டையை அமைத்தால் பிறகு எல்லாவற்றையும் திரும்ப அமைக்க வேண்டும். கான்வாஸும் தோலும் கலந்த ஜாக்கெட்டின் துணித் தடிப்பு 2.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. விறைப்பையும் கருவி வைத்து அளப்பார்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்துத் தைத்துக்கொண்டு, சோதனை மேசையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். அளவெடுத்துத் தைத்துத் தருகிறவர்கள் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். மே மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத சுடுதளத்தில் அதை அணிந்து நிற்பது ஒரு தவம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று, மாற்றுக்கு இன்னொன்று. காலணி தட்டையாக, காலைக் கவ்விப் பிடிப்பதாக இருக்க வேண்டும். காற்சட்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகலாம். கையுறை வேண்டும், அது சிறிய செலவு.

பெல்லட்டில் கஞ்சத்தனமும் வேண்டாம், ஊதாரித்தனமும் வேண்டாம். தட்டைத் தலை உள்ள 4.5 மி.மீ. மேட்ச் பெல்லட்டில் ஆர்டபிள்யூஎஸ், ஜேஎஸ்பி, எச் அண்ட் என் போன்ற நிறுவனங்களின் நடுத்தர வகை பயிற்சிக்குப் போதும். தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று டப்பாவில் போட்டிருக்கும். உங்கள் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்று சோதித்துப் பார்ப்பதெல்லாம் நீங்கள் அறுபது குண்டுக்குத் தசமக் கணக்கில் 610 புள்ளியைத் தாண்டியபின் யோசிக்க வேண்டியது. ஈயம் என்பதால் சுட்டு முடித்தவுடன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீக்கடைக்குப் போகாதீர்கள்.

எல்லாவற்றிலும் மலிவான துணைக்கருவி, குழல் முழுவதும் நுழைந்து வெளியே தெரியும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு. துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அது இல்லாமல் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தால் ரேஞ்ச் அதிகாரி உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பூட்டுள்ள கெட்டிப் பெட்டி ஒன்றும் தேவை. ஸ்காட் போன்ற மின்னணுப் பயிற்சிக் கருவியைக் கிளப்பில் இருந்தால் பயன்படுத்துங்கள், சொந்தமாக வாங்காதீர்கள். அதற்குப் பதிலாக, மேட்ச் ரைஃபிள்களில் உள்ள வெற்றுச்சுடும் வசதியைப் பயன்படுத்தி, வீட்டில் வெற்றுச் சுவரைப் பார்த்து தினமும் அரை மணி நேரம் பெல்லட் இல்லாமல் பழகலாம். துப்பாக்கி வாங்கியபின் என் மதிப்பெண் உயர்ந்ததற்கு அந்தச் சுவர்தான் காரணம்.

உங்கள் இரண்டு லட்சத்தைப் பொறுத்தவரை, புதிய ஜெர்மன் துப்பாக்கி அந்தத் தொகையைத் தனியாகவே விழுங்கிவிடும், ஜாக்கெட்டுக்கு எதுவும் மிஞ்சாது. ஆண்டுதோறும் மாநிலப் போட்டி முடிந்தபின் மேல்நிலைக்குப் போகிறவர்கள் தங்கள் பழைய துப்பாக்கியை விற்பார்கள். உங்கள் பயிற்சியாளரிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டு, அதற்குள் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிடுங்கள். வாங்கும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.