35 சிசியா, 60 சிசியா? பெரிய ஆர்.சி. விமானம்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நுரை விமானம் பறக்கவிட்டுப் பழகிய பலர் இப்போது பெட்ரோல் என்ஜின் பொருத்திய பெரிய ஏரோபாட்டிக் (வானில் கரணமடிக்கும்) ஆர்.சி. விமானத்துக்கு, அதாவது ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானத்துக்கு, மாற நினைக்கிறார்கள். அவர்கள் அடிக்கடி கேட்டவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பாலக்கோடு மாணவர்: அண்ணா, ஒரு வருடமாக நுரை விமானம் பறக்கவிடுகிறேன். நேராக 100 சிசி எக்ஸ்ட்ரா 300 மாடலையே வாங்கிவிடலாமா?

பறக்கவிடுவது உங்களால் முடியும் தம்பி. பெரிய விமானம் காற்றுக்கு அலையாது, சின்னதைவிட அடக்கமாகவே பறக்கும். சிரமமெல்லாம் தரையில்தான். சிசி என்பது என்ஜினின் கொள்ளளவு. 100 சிசி என்றால் இறக்கை நுனிக்கு நுனி 100 அங்குலத்துக்கு மேல், எடை 12 கிலோவை ஒட்டி வரும். 60 சிசி ரகம் 85 முதல் 90 அங்குலம், சுமார் 8 கிலோ. 35 சிசி ரகம் 75 அங்குலம் அளவில், 5 கிலோ சொச்சம். இறக்கையைக் கழற்றிவிடலாம், உடலைக் கழற்ற முடியாது. 60 சிசியின் உடலே இரண்டு மீட்டருக்குப் பக்கத்தில் வரும். வாங்கும் முன் ஒரு டேப்பை எடுத்துக் காருக்குள் அளந்து பாருங்கள். வீட்டில் அதை எங்கே வைப்பது என்பதையும் அம்மாவிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் விமானம் 35 சிசி. அதற்கு 20 கிலோ முறுக்குவிசையுள்ள சர்வோ (இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) போதும், உடைந்தாலும் பை தாங்கும். மலிவான சர்வோ போட்ட 100 சிசியைவிட, நல்ல சர்வோ போட்ட 35 சிசி எத்தனையோ மேல்.

பர்கூர் வாசகர்: எக்ஸ்ட்ரா, எட்ஜ், யாக், ஸ்லிக் என்ற மாடல்களில் எது?

எது பிடிக்கிறதோ அது. எல்லாமே நடு உடலில் பொருந்தும், மேலும் கீழும் ஒரே வளைவுள்ள இறக்கைகள்தான். அடிப்பக்க நிறம் மேல்பக்கத்திலிருந்து பளிச்சென்று வேறுபடுகிறதா என்று மட்டும் பாருங்கள். மாலை வெளிச்சத்தில் தலைகீழாகப் போகிறதா நேராகப் போகிறதா என்று தெரியாமல் கை நடுங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

காவேரிப்பட்டினம் வாசகர்: பெட்டியில் பாதி ஒட்டியே வருகிறதே, அப்படியே பூட்டிப் பறக்கவிடலாமா?

கூடாது. இதை என் சொந்தச் செலவில் கற்றேன். என் முதல் எக்ஸ்ட்ரா ஐந்தாவது தடவை பறந்தபோது, தலைகீழாகப் போய்க்கொண்டிருக்கையில் சட்டென்று மூக்கைத் தரைக்குத் திருப்பியது. வற்றிய ஏரியின் களிமண்ணில் என்ஜின் ஒரு சாண் புதைந்து கிடந்தது. கிளறிப் பார்த்தால் சர்வோ நலமாக இருக்கிறது, அதன் தள்ளுகம்பியும் நலம். எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) இடது ஹார்ன், அதாவது அந்தக் கம்பி மாட்டும் தகடு, மட்டும் கையோடு வந்துவிட்டது. தொழிற்சாலையில் ஒட்டியது அது. வழவழப்பான ஃபைபர் தகட்டைச் சுரண்டாமலே எபாக்சிப் பசை வைத்திருக்கிறார்கள். புளியம்பழமும் ஓடும் போல எபாக்சி தனி, ஹார்ன் தனி. பொட்டு மரத்தூள்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒட்டி வந்த ஒவ்வொரு ஹார்னையும் குறட்டால் பிடித்து இழுத்துப் பார்க்கிறேன். ஆடினால் பிடுங்கி, முரட்டு உப்புத்தாளால் இருபுறமும் தேய்த்து, 30 நிமிட எபாக்சியில் ஒட்டுகிறேன். 5 நிமிட எபாக்சி இந்த வேலைக்கு ஆகாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 30 நிமிட எபாக்சியும் சொன்ன நேரத்துக்கு முன்பே இறுகிவிடும், விடியற்காலையில் ஒட்டுங்கள்.

அசையும் பலகைகளைப் பிடிக்கும் கீல்களும் இப்படித்தான். ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். புதிதாக ஒட்டுவதானால் கீலின் மடிப்பில் மட்டும் பல்குத்தும் குச்சியால் துளி வாசலின் தடவிவிடுங்கள், எபாக்சி உள்ளே இறங்கி மடிப்பைப் பூட்டிவிடாது. ஒட்டிய பிறகு கீல் இடைவெளியை அடிப்பக்கம் ஒளிபுகும் டேப்பால் மூடுங்கள். வேகத்தில் எய்லிரான் (இறக்கையின் பின்னோரம் அசையும் பலகை) படபடவென்று அடித்துக்கொள்ளும் ஆபத்து இதனால் நன்றாகக் குறைகிறது. என்ஜின் நிற்கும் முன்பலகை உடலோடு சேரும் மூலைகளில் கூடுதலாக எபாக்சி பூசுங்கள். உலோகத்தில் இறங்கும் திருகு எல்லாவற்றுக்கும், அதிர்வில் கழலாமல் இருக்க, நீலப் பூட்டுப் பசை.

வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் மேலுறை தளர்ந்து சுருக்கம் விழும். முதலில் ஓரங்களை இஸ்திரியால் அழுத்திவிட்டு, பிறகு நடுவைச் சூட்டால் இறுக்குங்கள். மாற்றிச் செய்தால் ஓரம் பிரிந்துவிடும்.

ஓசூர் பொறியாளர்: ஒரே பேட்டரி போதாதா? எடைதானே கூடுகிறது?

போதாது சார். எலிவேட்டருக்கு இரண்டு, எய்லிரானுக்கு இரண்டு, ரட்டருக்கு (வாலின் நிமிர்ந்த பலகை) ஒன்று என்று டிஜிட்டல் சர்வோக்கள் ஒரே நேரத்தில் முறுக்கும்போது மின்னோட்டம் எகிறும். கம்பி மெலிதாக இருந்தால் மின்னழுத்தம் விழுந்து, நம் ரேடியோ கட்டளையை வாங்கும் ரிசீவர் ஒரு கணம் கண்ணை மூடிவிடும். அந்த ஒரு கணம் போதும். இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச் போடுங்கள். என்ஜினில் தீப்பொறி தரும் இக்னிஷனுக்குத் தனி மின்வழி. 6 வோல்ட் சர்வோ வைத்துக்கொண்டு இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை நேராகக் கொடுக்காதீர்கள், நிறைந்த நிலையில் அது 8.4 வோல்ட்.

அதே வாசகர்: கிருஷ்ணகிரியில் ஒழுங்காக ஓடும் என்ஜின் எங்கள் ஊரில் ஏன் இருமுகிறது?

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி அதில் பாதியைச் சற்றுத் தாண்டும். கடற்கரையோடு ஒப்பிட்டால் ஓசூர்க் காற்று 8 சதவீதம் அளவுக்கு மெலிந்தது. காற்று குறைந்தும் பெட்ரோல் அதே அளவில் இறங்குவதால் கலவை கனத்துவிடுகிறது. கார்புரேட்டரில் எச் என்று குறித்த ஊசியைச் சிறிது சிறிதாக இறுக்கிப் பாருங்கள். திரும்பக் கீழே வரும்போது மறக்காமல் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய்க் கலவை என்ஜின் கையேடு சொல்வதுதான். 30க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 33 மில்லி. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது எத்தனால் கலந்திருக்கிறது, அது கார்புரேட்டரின் ரப்பர்ச் சவ்வை விறைக்கச் செய்யும். பறந்து முடித்ததும் டேங்கை வடித்துவிட்டு, மிச்சம் தீரும்வரை என்ஜினை ஓடவிட்டு வையுங்கள்.

அரூர் வாசகர்: எடை மையத்தை எப்படிச் சரிபார்ப்பது?

கையேடு சொல்லும் எல்லையின் முன்பக்கத்தில் தொடங்குங்கள், டேங்க் காலியாக இருக்கட்டும். பறக்கும்போது 45 பாகையில் ஏறவைத்துத் தலைகீழாகப் புரட்டி, கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் குச்சியை விடுங்கள். உடனே தரையை நோக்கி வளைந்தால் மூக்கு கனம், பேட்டரியைக் கொஞ்சம் பின்னே தள்ளுங்கள். சிறிது தூரம் நேராகவே போனால் சரி.

ஊத்தங்கரை வாசகி: மகனுக்குப் பதினைந்து வயது. தானே என்ஜினைச் சுற்றிக் கிளப்புகிறேன் என்கிறான். விடலாமா?

தனியாக விடாதீர்கள் அம்மா. 60 சிசி என்ஜினில் சுற்றுவது 23 அங்குல விசிறி, விரலைக் கேட்காமல் எடுத்துவிடும். வாலைப் பிடிக்கப் பெரியவர் ஒருவர், தடித்த தோல் கையுறை, டிரான்ஸ்மிட்டரிலிருந்தே இக்னிஷனை அணைக்கும் சுவிட்ச், இந்த மூன்றும் இருந்தால்தான் விசிறியில் கை. ஓடும் என்ஜினை எப்போதும் பின்னால் நின்றே திருத்த வேண்டும்.

பென்னாகரம் வாசகர்: எங்கே, எப்போது பறக்கவிடுவது?

டிரோன் விதிகள் 2021 ஆர்.சி. விமானத்துக்கும் பொருந்தும். 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை சிறிய ரகம், நம்முடையவை அதில் வரும். முன் அனுமதி வேண்டாத பச்சை மண்டலத்தில் உயர வரம்பு 400 அடி. மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஓசூர்ப் பக்கத்தவர்கள் பேளகொண்டப்பள்ளி விமான ஓடுதளத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆடிக் காற்று வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவேன். மாந்தோப்பு ஓரம் வேண்டாம், கிளையில் மாட்டினால் எடுக்கும்போதுதான் இறக்கை கிழியும். வற்றிய ஏரி நல்ல இடம், ஆனால் ஆடு மேய்ப்பவருக்கும் அதே இடம்தான் நல்ல இடம். முதலில் அவரிடம் போய், இன்று மந்தை எந்தப் பக்கம் என்று கேட்பேன். கரையோரம் என்றால் டேங்கில் பெட்ரோல் ஊற்றுவேன். நடு ஏரி என்றால் ஃபிளாஸ்கைத் திறந்து, இருவரும் டீ குடிப்போம்.