ஸ்விஃப்ட் 2023-ஆ, 2024-ஆ? தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். வாரக் கடைசியில் குடும்பத்தோடு ஏற்காடு போய்வர, செகண்ட் ஹேண்டில் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ மேனுவல் பார்க்கிறேன். 2023 மாடல் ஒன்று, 2024 மாடல் ஒன்று வந்திருக்கிறது. 2024-க்கு 70,000 ரூபாய் கூடுதலாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த 2024 வண்டியின் பின்கதவைப் பாருங்கள். கைப்பிடி ஜன்னல் ஓரத்தில், கறுப்பு பிளாஸ்டிக்கோடு ஒளிந்திருந்தால் அது பழைய தலைமுறை. எல்லா கார்களையும் போலக் கதவிலேயே இருந்தால் புதியது. 2018-ல் வந்த மூன்றாம் தலைமுறைக்குப் பதிலாக நான்காம் தலைமுறை அறிமுகமானது 2024 மே மாதம்தான். ஜனவரியில் தயாரான வண்டியையும் 2024 மாடல் என்றுதான் விற்பார்கள்; அது 2023 கடைசியில் வந்த அதே கார்தான். அதற்குப் போய் 70,000 கூடக் கொடுக்காதீர்கள்.

2023 வண்டியிலும் மாதம் பார்க்க வேண்டும். அந்த ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதியின் இரண்டாம் கட்டம் வந்தது; கூடவே எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்ற மாற்றங்களும் வந்தன. இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலை நினைத்தால், அதற்குப் பிறகு தயாரானதே நல்லது. புரோக்கர் பதிவு தேதியைத்தான் சொல்வார். தயாரிப்பு மாதம் ஆர்.சி.யில் இருக்கும்.

சரி, கையில் இருப்பது நிஜமாகவே புதிய தலைமுறை என்றால்? பழையதில் நான்கு சிலிண்டர், சுமார் 90 குதிரைத்திறன். புதியதில் மூன்று சிலிண்டர், சுமார் 82. இரண்டும் 1,197 சிசிதான், இழுவையும் ஏறக்குறைய ஒன்றுதான். நிறுவனக் கணக்கில் மைலேஜ் 22.38-லிருந்து 24.8 ஆகக் கூடியிருக்கிறது. மலையில் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதை ஊருக்குள் ஐந்து ரோட்டோடு முடித்துக்கொள்ளாதீர்கள். கோரிமேடு தாண்டி அடிவாரம் போய், நான்கு பேரோடு ஏசி போட்டு, முதல் சில கொண்டை ஊசி வளைவுகளையாவது ஏறுங்கள். வளைவில் வேகம் குறைந்து, இரண்டாவது கியரில் மறுபடி மிதிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பழைய இன்ஜின் அலுங்காமல் சுழன்று ஏறும். புதியது கொஞ்சம் உறுமும், நின்றிருக்கும்போது லேசான அதிர்வும் உண்டு. ஆனால் ஏறாமல் நிற்காது. இன்ஜினை மட்டும் கேட்டால் என் ஓட்டு பழையதற்கே.

ஆனால் குடும்பம் உட்காரப் போகிறது. பழையதில் இரண்டு ஏர்பேக்தான். 2022-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அது வாங்கியது ஒரே ஒரு நட்சத்திரம். புதியதில் அடிப்படை மாடலிலிருந்தே ஆறு ஏர்பேக், வழுக்கும்போது வண்டியை நிலைப்படுத்தும் ஈஎஸ்பி, மேட்டில் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்ட். கடைசி இரண்டும் அந்த 2023 வண்டியில் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில், முன்னால் பஸ் திரும்ப முடியாமல் நிற்க, மேட்டில் வண்டி எடுக்கும்போது ஹில் ஹோல்டின் அருமை புரியும். மழையில் இறங்கும்போது ஈஎஸ்பி. அதனால் புதிய தலைமுறை வண்டி என்றால் 70,000 கொடுக்கலாம், பேரம் பேசிவிட்டு.

எதை எடுத்தாலும் கிளட்ச்சைப் பாருங்கள். பெடலை முக்கால்வாசிக்கு மேல் விட்ட பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால் தட்டு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மலை ஏறி இறங்கிய வண்டிகளில் இது சகஜம். மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.