பன்னிரண்டு படகு, வருவதோ நாலு பேர்

கேள்வி: அண்ணாச்சி, திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையில் சின்னதாக ஒரு பாய்ப்படகுக் குழு நடத்துகிறோம். ‘லேசர்’ என்கிற ஒரே வகைச் சின்னப் பாய்ப்படகு பன்னிரண்டு இருக்கிறது. மாதம் ஒரு பந்தயம் வைத்தால் நாலு பேர்தான் வருகிறார்கள், அதுவும் அதே நாலு பேர். கோப்பையைப் பெரிதாக்கியும் பலனில்லை. என்ன செய்ய?

பதில்: கோப்பையை விடுங்கள் தம்பி. அது அந்த நாலு பேரில் ஒருவருக்குத்தான் போகும் என்று ஊருக்கே தெரியும், அப்புறம் ஐந்தாவது ஆள் எதற்கு வருவான்? கடைசியாக வருகிறவனுக்கு அந்த நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு நீளப் பந்தயம், ஐந்தாவது நிமிடத்திலேயே பின்தங்கிவிட்டான், மிச்ச ஒன்றரை மணி நேரமும் வெயிலில் தனியாக மிதவையைச் சுற்றிவிட்டுக் கரைக்கு வந்தால் மற்றவர்கள் பாயைச் சுருட்டி வீட்டுக்குப் போயாச்சு. நானாக இருந்தாலும் அடுத்த மாதம் வர மாட்டேன். அதற்குப் பதில் இருபது நிமிடப் பந்தயமாக நாலைந்து வையுங்கள். ஒன்றில் சொதப்பினாலும் அடுத்ததில் எல்லோரோடும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பலாம்.

புள்ளிக் கணக்கையும் கொஞ்சம் தளர்த்துங்கள். முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று போட்டு, குறைந்த புள்ளிக்காரர் ஜெயிக்கிற கணக்குதானே உங்களுடையதும்? அதில் வராதவனுக்குப் பன்னிரண்டு படகோடு ஒன்று கூட்டி 13 விழும். இரண்டு மாதம் வராமல் போனவன் இனி நமக்கென்ன என்று விட்டுவிடுவான். வருடத்தில் சிறந்த ஆறு மாதம் மட்டும் கணக்கு என்று சொல்லிப் பாருங்கள்.

தேதி விஷயம். குலசை தசராவுக்கு மாலை போட்ட பையனை அந்த நாட்களில் எதிர்பார்க்காதீர்கள், சூரசம்ஹாரத்தன்று ரோட்டில் படகை ஏற்றிவரவும் முடியாது. அதைவிட முக்கியம் காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற கச்சான், அதாவது மேல்காற்று, நம் பக்கம் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. புதுப் பையன் கவிழ்ந்தால் படகோடு வெளியே போய்க்கொண்டே இருப்பான். ஒரு தடவை அப்படிப் பயந்தவனை அவன் அம்மா திரும்ப அனுப்ப மாட்டாள். அந்த மாதங்களைத் தேறியவர்களுக்கு விட்டுவிட்டு, புதியவர்களுக்குத் தை முதல் பங்குனி வரை வையுங்கள், அப்போதும் மீட்புப் படகு இல்லாமல் வேண்டாம். காலை எட்டு மணி என்று நோட்டீஸ் போட்டுப் பதினொன்றுக்குத் தொடங்கிய ஒரு பந்தயத்தை வேடிக்கை பார்க்கப் போய் நான் பாதியில் எழுந்து வந்திருக்கிறேன். கடல்காற்று முற்பகலில்தான் எழும்பும் என்றால் பதினொன்று என்றே போடுங்களேன்.

இன்னொன்று, கொஞ்சம் காரமாகவே கேட்கிறேன். அந்த நாலு பேரும் டவுனிலிருந்து காரில் வருகிறவர்கள்தானே? கரையில் இருக்கிற மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளை ஒரு நாளாவது கூப்பிட்டீர்களா? வீசுவது வடக்கேயிருந்து வருகிற வாடையா, கிழக்கேயிருந்து வருகிற கொண்டலா என்று படுத்துக்கொண்டே சொல்கிற தாத்தாக்கள் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். எட்டுப் படகு சும்மா கிடக்கிறது, கொடுங்கள். எடை குறைந்தவர்களுக்கு வேறு படகு தேட வேண்டாம், லேசரில் அடிப்படகு ஒன்றுதான், மேலே மூன்று அளவுப் பாய் மாற்றலாம். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஓட்டியது நடு அளவுப் பாய்தான். பெண் பிள்ளைகளைக் கூப்பிடும்போது அதைச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் அறிவிப்பு போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். வியாழக்கிழமை ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, ‘உனக்கு ஏழாம் நம்பர் படகு, எடுத்து வைத்திருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். பந்தயம் முடிந்ததும் கரையிலேயே சோறும் மீன் குழம்பும் போடுங்கள், கோப்பைக் காசு அதற்குத் தாராளமாகக் காணும்.