உப்புக் கரைசலை மின்னாற்பகுத்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் செல்களில் மெம்பிரேன் மாற்றி ஒன்பது மாதத்தில் கரண்ட் எஃபிஷியன்சி (கொடுக்கும் மின்சாரத்தில் காஸ்டிக்காக மாறும் பங்கு) 96 சதவீதத்திலிருந்து 93-க்கு இறங்கிவிட்டது, வோல்டேஜ் ஏறவில்லை. மெம்பிரேன் தரம் சரியில்லையா?

மெம்பிரேன் மேல் பழி போடுமுன் ஒன்றைப் பாருங்கள். இறக்கம் எல்லா செல்லிலுமா, ஒன்றிரண்டில் மட்டுமா? ஒன்றிரண்டில் மட்டும் என்றால் அந்தச் செல்லில் ஓட்டையோ கொப்புளமோ இருக்கும். எல்லாவற்றிலும் என்றால் பிரைனைத்தான் (செல்லுக்குள் போகும் உப்புக் கரைசலை) முதலில் பார்க்க வேண்டும். வோல்டேஜ் ஏறாமல் எஃபிஷியன்சி மட்டும் இறங்கினால் என் சந்தேகம் கால்சியத்தின் மேல்தான்.

மெம்பிரேனில் ஆனோடு (குளோரின் வரும்) பக்கம் தடித்த சல்ஃபோனிக் அடுக்கு, கேத்தோடு (காஸ்டிக் வரும்) பக்கம் மெல்லிய கார்பாக்சிலிக் அடுக்கு. ஹைட்ராக்சைடைத் திரும்ப விடாமல் மறிப்பது அந்த மெல்லிய அடுக்கு. சோடியத்தோடு உள்ளே வரும் கால்சியம், காரம் ஏறுகிற அந்த இடத்தில்தான் ஹைட்ராக்சைடாகப் படிகிறது. படிகம் பெருக்கப் பெருக்க அடுக்கு உள்ளுக்குள் சிதையும். பின்னால் சுத்தமான பிரைன் கொடுத்துப் படிகம் கரைந்தாலும், அது இருந்த இடத்தில் பொத்தல் நிற்கும். போன எஃபிஷியன்சி முழுதாகத் திரும்பாது. மெக்னீசியம் ஆனோடு பக்கத்திலேயே படிந்துவிடுவதால் வோல்டேஜைத்தான் ஏற்றும். நிக்கலும் வோல்டேஜில்தான் கைவைக்கும்.

பிரைனில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்த்து 20 பிபிபிக்குள் (நூறு கோடியில் 20 பங்குக்குள்) இருக்க வேண்டும். "லேப் ரிப்போர்ட்டில் இல்லை என்றுதானே வருகிறது" என்பீர்கள். ஈடிடிஏ டைட்ரேஷனுக்கு பிபிபி அளவு தெரியவே தெரியாது, ஐசிபி (பிளாஸ்மாவில் நுண்ணளவு உலோகத்தை அளக்கும் கருவி) வேண்டும். சாம்பிளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தால் கண்ணாடியே கால்சியம் விடும். ஆசிட்டில் கழுவிய பாலித்தீன் பாட்டிலில் பிடியுங்கள், மூடியின் உட்புறத்தில் கை படக்கூடாது. லட்சக்கணக்கில் மெம்பிரேன் வாங்குகிற இடத்தில் ஒரு பாட்டிலுக்குக் கணக்குப் பார்ப்பதை என்னால் ஜீரணிக்க முடிவதில்லை.

அடுத்து, பிரைனிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்தெடுக்கும் ரெசின் டவர். பிரைன் சுமார் 60 டிகிரியில், பிஹெச் 9-ஐ ஒட்டி, சுத்தமாகக் குளோரின் நீக்கி உள்ளே போக வேண்டும். மிச்சக் குளோரின் ரெசினை அரித்துவிடும். முதல் டவர் வெளிவாயிலில் கால்சியம் தலைகாட்டியதும் ரீஜெனரேஷனுக்கு (ரெசினைப் புதுப்பிப்பதற்கு) போங்கள். இரண்டாவது டவர் பார்த்துக்கொள்ளும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் கால்சியம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. காஸ்டிக்கின் செறிவு 35 சதவீதத்தைத் தாண்டினாலும், பிரைனில் சோடியம் சல்ஃபேட் ஏறிப்போனாலும் எஃபிஷியன்சி விழும். ஆனோலைட் (ஆனோடு பக்கத்துக் கரைசல்) வெளியே வரும்போது உப்பு லிட்டருக்கு 200 கிராமுக்குக் கீழே இறங்காமல் வைத்திருங்கள். மிகவும் குறைந்தால் மெம்பிரேன் கொப்புளிக்கும். குளோரினில் ஆக்சிஜனைக் குறைக்க ஆசிட் விடுபவர்கள் ஆனோலைட் பிஹெச் 2-க்குக் கீழே போகவே விடக்கூடாது. கார்பாக்சிலிக் அடுக்கு அமில வடிவத்துக்கு மாறினால் மின்சாரம் கடத்தாது, வோல்டேஜ் எகிறும், அடுக்குகள் பிரியும்.

அடுத்த முறை செல்லைத் திறக்கும்போது மேல் விளிம்பைப் பாருங்கள். வாயு தேங்குவது அங்கேதான், கொப்புளம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஒரு துண்டு வெட்டி ஆய்வுக்கு அனுப்புவதானால் காயவிடாமல், எது கேத்தோடு பக்கம் என்று குறித்து அனுப்புங்கள்.