கொடையில் வில்லுப்பாட்டை எடுத்துவிட்டு ஆர்க்கெஸ்ட்ரா வைக்கலாமா?

‘எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடையில் வில்லுப்பாட்டுக்கு ஆளே உட்கார்வதில்லை, அந்தப் பணத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைத்தால் என்ன?’ என்று கேட்டிருக்கிறீர்கள். விழாக் கமிட்டியில் புதிதாகச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். வரி பிரிக்கப் போன இடத்தில் நாலு பேர் முகம் சுளித்திருப்பார்கள்.

நான் நடுநிலையானவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமா வில்லுப்பாட்டு அண்ணாவி, அதாவது குழுவின் தலைமைப் பாடகர். கல்லூரி லீவில் அவருக்குக் குடம் (தாளத்துக்கு அடிக்கும் பானை) அடிக்கப் போவேன். சொந்தக்காரனுக்கு வக்காலத்து என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

திசையன்விளைப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடை. கமிட்டிக்குள் இதே சண்டை வந்து, கடைசியில் இரண்டையும் வைத்துவிட்டார்கள். ரோட்டோரம் பெரிய மேடையில் ஆர்க்கெஸ்ட்ரா, சன்னதிக்கு எதிரே ஓலைப் பந்தலில் நாங்கள். சவுண்ட் செட்டுக்காரர் மாமாவுக்கு மட்டும் ஒரு மைக் வைத்து எக்கோவையும் ஏற்றிவிட்டார். “குடத்துக்கு எதுக்குண்ணே மைக்?” என்றார். குடத்தின் கனம் போய்விட்டால் வில்லில் கட்டிய மணி மட்டும்தான் ஸ்பீக்கரில் கிலுகிலுவென்று காதைக் குடையும். அதற்கு யார் உட்காருவார்கள்? தொடக்க வணக்கமான காப்பும் குருவடியும் பாடி முடிக்கும் வரை பக்கத்து மேடையில் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ ஓயவே இல்லை.

பத்து மணிக்குப் போலீஸ் வந்தது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி, அவர்கள் மேல் தப்பில்லை. ஆர்க்கெஸ்ட்ரா மூட்டை கட்டியது. எங்கள் மைக்கும் செத்தது. கதை அப்போதுதான் கைலாசத்தில், பார்வதியின் விளக்குச் சுடரில் சுடலை பிறக்கும் இடத்தில் இருந்தது. மாமா என் பக்கம் திரும்பி, “ஏல, அமுக்காத, தொறந்து அடி” என்றார்.

வலது கையில் பத்தி, அதாவது கமுகம் பாளையில் செய்த தட்டு மட்டை. பானை வாயில் அறைந்து உடனே எடுத்தால் ‘தும்’ என்று அடிவயிற்றில் இறங்கும். ஒரு நொடி ஒட்ட வைத்தாலும் சத்தம் அங்கேயே அடங்கிவிடும். இடது கையில் ஒரு காசு, பானையின் விலாவில் டக் டக்கென்று. மைக் இல்லாமல் அது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. திண்ணையில் இருந்த பொம்பளைகள் பாயை இழுத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களும் உண்டு, மறைக்கவில்லை. நடுச்சாமத்தில் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு வேகம் பிடித்தபோது சாமியாடிக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது. அந்த இடத்தில் எந்த சினிமாப் பாட்டைப் போடுவீர்கள்?

நையாண்டி மேளம் போதுமே என்பீர்கள். மேளத்துக்கும் சாமி வரும்தான். ஆனால் அந்தச் சாமியின் கதையை யார் சொல்வது?

டிவியில் பார்த்தவர்களுக்கு வில்லுப்பாட்டு என்றால் ஆமாம் போட்டு ஜோக் அடிப்பது. சுப்பு ஆறுமுகம் (2021இல் பத்மஸ்ரீ வாங்கியவர், எங்கள் நெல்லைக்காரர்தான்) காந்தி கதையையே வில்லில் பாடியவர். அது மேடைக்கு ஏற்ற வழி, நான் குறை சொல்லவில்லை. கொடையில் பாடுவது வேறு, அது பூசையின் ஒரு பாகம். கூட்டம் குறைந்தது என்று தீபாராதனையை யாராவது நிறுத்துவார்களா?

ஆர்க்கெஸ்ட்ரா கூடாது என்றும் நான் சொல்லவில்லை. முந்தைய நாள் வையுங்கள், நானே வந்து கேட்கிறேன். வில்லுக்குக் குடத்தருகே ஒரு மைக் கூடுதலாகக் கொடுங்கள், எக்கோவை அணைக்கச் சொல்லுங்கள். ஆள் உட்கார்கிறதா இல்லையா என்று அப்புறம் பேசலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. விடியற்காலையில் கடைசி வாழ்த்தான வாழி பாடி முடித்தபோது பொருளாளரைக் காணோம். வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்த அட்வான்சோடு சரி. கேட்டால், “எட்டாம் நாள் பூசை முடியட்டும், கணக்கு பார்த்துத் தாரோம்” என்றார்கள். கமிட்டி முழுக்கக் கைகூப்பிச் சிரிக்கும் பிளெக்ஸ் பேனருக்கு மட்டும் முழுப் பணமும் முன்னாடியே போயிருந்தது. பின்பாட்டு அக்கா பஸ்ஸுக்கு என்னிடம் கடன் வாங்கிக்கொண்டு போனார். நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் சரி, பேசிய பணத்தை வில்லை அவிழ்ப்பதற்குள் கையில் கொடுத்துவிடுங்கள்.