சிரிக்கலாமா?

கேள்வி: 'கோலமாவு கோகிலா' (2018) படம் பார்த்து என் 14 வயது மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். கிறிஸ்தவத் தாயாக நான் தடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: சிரிப்பைத் தடுக்காதீர்கள் சகோதரி, ஆனால் படம் முடிந்ததும் பேசாமல் விட்டுவிடாதீர்கள். படத்தில் வரும் இரத்தத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு: அம்மாவின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகள் கொக்கெயின் கடத்துகிறாள், அவள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாமும் பதறுகிறோம் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. நன்மை வருவதற்காகத் தீமை செய்யலாம் என்ற வாதத்தை வேதாகமத்தில் ரோமர் 3:8-ல் அப்போஸ்தலர் பவுல் அடியோடு மறுக்கிறார். அதை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம், இங்கே சிங்கப்பூரில் 30 கிராமுக்கு மேல் கொக்கெயின் கடத்தினால் மரண தண்டனை வரை போகும் என்பதையும் சொல்லுங்கள். என்சி16 (16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லாத) படத்துக்குத் தியேட்டரில் அவனை விடமாட்டார்கள், வீட்டில் அந்தக் காவல் கிடையாது, அதனால் அடுத்த படத்துக்கு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.