கட்லாவுக்குச் சிவந்த புண்: பூண்டு, மஞ்சள் கொடுக்கலாமா?

வணக்கம் அண்ணா. கொழிஞ்சாம்பாறையில் உங்கள் குளத்துக் கட்லா மீன்களில் பத்துப் பதினைந்துக்குச் சிவந்த புண், தீவனத்தில் பூண்டும் மஞ்சளும் கலக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வேலந்தாவளம் பக்கம்தான். கலக்கலாம், ஆனால் புண் வந்த மீன் இரையே சரியாக எடுக்காது, அதனால் இது மிச்சமிருக்கும் நல்ல மீன்களுக்கு எதிர்ப்புச் சக்தி கூட்டத்தான்.

பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள், அப்போதுதான் அல்லிசின் என்ற, கிருமியை எதிர்க்கும் பொருள் நன்றாக உருவாகும். கொதிக்க வைத்தால் அது போய்விடும். ஒரு கிலோ தீவனத்துக்கு 10 முதல் 20 கிராம் போதும். ஆறிய கஞ்சித் தண்ணீரில் கலக்கித் தீவனத்தில் பிசறி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே போட்டுவிடுங்கள், வைத்திருந்தால் பூசணம் பிடிக்கும். மஞ்சள் தூளும் கொஞ்சம் சேர்க்கலாம். யாராவது வேப்பிலைச் சாற்றைக் குளத்தில் ஊற்றச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், அளவு மீறினால் மீனுக்கே விஷம்.

அப்புறம், இதற்கெல்லாம் முன்னால் தண்ணீரைப் பாருங்கள். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறதென்றால் ஆக்சிஜன் குறைவு, அதைப் பூண்டு சரிசெய்யாது. தீவனத்தைக் குறைத்து, புதுத் தண்ணீர் விடுங்கள். புண் பரவினால், செத்ததை அல்ல, உயிரோடிருக்கும் ஒரு மீனை மீன்வளத் துறை அலுவலகத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.